மடை எந்தப் பக்கம்?

எங்கள் வயலைப் பூங்காவுக்காக நகராட்சி எடுக்கப்போகிறது என்ற நோட்டீஸ் எங்களுக்கு வரவில்லை. நிலத்துக்காரர் சென்னையில் இருந்தார், அவருக்குப் போனது. நான் நடவில் குனிந்திருந்தபோது இரண்டு பேர் சங்கிலியோடு வரப்பில் இறங்கி அளந்தார்கள்.

"பார்க் வருதும்மா. காலனிப் பிள்ளைங்க விளையாட இடம் வேணும்ல," என்றார் ஒருவர்.

அந்த ஒன்றரை ஏக்கரைப் பதினான்கு வருடமாக நானும் என் கணவரும் குத்தகைக்குச் சாகுபடி செய்தோம். அதற்கு முன் அதே சேற்றில் கூலிக்கு நாற்று நட்டவள் நான். தஞ்சாவூர் வளர்ந்து வளர்ந்து எங்கள் வரப்பு வரை வீடுகள் வந்துவிட்டன. பஸ் போகிற ரோட்டில் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நானும் பார்த்துப் பதறியிருக்கிறேன். பூங்கா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பயிர் செய்கிறவர்கள் என்று எங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. குத்தகைக்காரரைப் பதிவு செய்யச் சட்டம் வந்த பிறகும் நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் நிலத்தைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயம்.

"மனுவெல்லாம் வேணாம். நிலத்துக்காரங்கள எதுத்துக்கிட்டு நாளைக்கு எந்த வயல்ல போய் எறங்குவே?" என்றார் கணவர்.

"இந்த வயலே போவப்போவுது. இனிமே எதுக்குங்க பயம்?" என்றேன்.

தாலுகா ஆபீசுக்கு மனுவோடு போனேன். "உன் பேரே இல்லியேம்மா, நீ யாரு ஆட்சேபணை சொல்ல?" என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். மறுநாளும் போனேன். மூன்றாவது முறை, வாங்குகிற வரை நகரமாட்டேன் என்று வாசற்படியிலேயே நின்றேன். மதியத்துக்கு மேல் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

விசாரணை நாளில் கணவரும் வந்தார். எனக்குப் பின்னால் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நிலத்துக்காரரின் காரியஸ்தர் அதிகாரியிடம், "சொந்தப் பண்ணை சார். ஆள் வச்சுப் பயிர் பண்றோம். இது கூலிக்கு வர்ற பொம்பள," என்றார்.

நான் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கத்தவில்லை.

"ஐயா, அவரை ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்த வயலுக்குத் தண்ணி பாயுற மடை எந்தப் பக்கம்?"

காரியஸ்தர் சிரித்தார். "வடக்கால வாய்க்கால் ஓடுது. மடை வேற எங்க இருக்கும்?"

"வடக்கு மடை இடிஞ்சு, தூந்து எட்டு வருசமாச்சுங்க. மேக்கால பக்கத்து வயல் வழியாத்தான் தண்ணி வாங்குறோம். ஈசான மூலை மேடு, அங்க தண்ணி ஏறாது. வந்து பாருங்க."

அதிகாரி என்னையும் காரியஸ்தரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரப்பு முழுதும் நடந்தார். வடக்கு மடை இருந்த இடத்தில் கோரை மண்டிக் கிடந்தது. ஈசான மூலையில் பயிர் குட்டையாக, வெளிறி நின்றது. அப்போதுதான் என் கணவர் முன்னால் வந்தார். "நாங்கதான் சார் பயிர் பண்றோம். பதினாலு வருசமா," என்றார். தலை குனியாமல் சொன்னார்.

"இன்னொண்ணுங்க," என்றேன் நான். "பார்க் கட்டுறேன்னு வாய்க்கால மண்ணடிச்சுத் தூத்துடாதீங்க. கீழ இருக்குற வயலுக்கெல்லாம் இதுதான் தண்ணி."

அதையும் எழுதிக்கொண்டார்.

நிலம் போகத்தான் செய்தது. ஆனால் குத்தகைக்காரர்கள் என்று எங்கள் பெயர் பதிவானது. நஷ்டஈட்டில் எங்களுக்கும் பங்கு வந்தது. சம்பாவை அறுத்துக்கொள்ளவும் விட்டார்கள். வாய்க்காலைத் தூர்க்காமல் அதன்மேல் சின்னப் பாலம் போட்டார்கள். லாரிகள் மண் கொட்டிய அன்று, அறுத்த தாளின் கடைசிக் கட்டையும் மறைகிற வரை நின்று பார்த்தேன்.

அடுத்த வாரமே ஒரத்தநாடு பக்கம் குத்தகைக்கு நிலம் பார்த்தோம்.

"வாய் வார்த்தை போதாதாம்மா?" என்றார் அந்த நிலத்துக்காரர்.

"போதாதுங்க. பதிவு பண்ணிக் குடுங்க, மறுநாளே ஏர் கட்டுறோம்."

பத்து நாள் யோசித்தார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு பதிவுக்காக அங்குள்ள தாலுகா ஆபீசுக்கு வந்தார். குத்தகைக்காரர் யார் என்று குமாஸ்தா கேட்டபோது நான் வாய் திறக்குமுன் என் கணவர் சொன்னார்: "ரெண்டு பேரும்தான். அவ பேர மொதல்ல எழுதுங்க."