தவணை நடுவில் ஒரு கடற்பயணம்

கடல் மூடும் மாதங்களில்தான் எங்கள் கரைப் பெண்களுக்குக் கணவன்மார் உண்டு. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று பிடித்ததும் வத்தைகளைப் பத்திரமான இடத்தில் கட்டிவிட்டு ஆண்கள் வீட்டுக்கு வருவார்கள். தை கழிந்து கடல் அடங்கியதும் போய்விடுவார்கள். அந்த இடைவெளிக்குள் கோயில் நேர்த்தி தீர்ப்பது, காணிச் சண்டை பிடிப்பது, அடுத்த பிள்ளைக்கு அடிபோடுவது எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். மிச்ச மாதங்களில் வீட்டுக்கு ஆணும் நாங்கள்தான், பெண்ணும் நாங்கள்தான்.

என் கணவர் ஒரு வத்தைக்குத் தண்டையல். வத்தை என்பது இரண்டு பாய்மரம் வைத்த மரக்கப்பல். அதை நடத்திப் போகிறவர் தண்டையல். யாழ்ப்பாணத்து வெங்காயமும் புகையிலையும் பனம்பழத்தில் செய்த பனாட்டும் ஏற்றிக்கொண்டு வடமராட்சிக் கரையிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகத் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் போவார். திரும்பும்போது நெல்லும் முதிரை மரமும் வரும். கடலில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று கூடப் போகிறவர்கள் சொல்வார்கள். வீட்டில் நான் கண்ட மனிதர் வேறு. அலுமாரியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போவோமே, அப்படித்தான் அவர் மாரிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் இருப்பார். அடுப்படிக்கு வந்தால் பானையில் இடிப்பார். முற்றத்துக்குப் போனால் கொடியில் காயும் சீலைக்குள் தலையைக் கொடுப்பார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டுகிற வயது. இளையவள் அப்போதுதான் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். மகன் தகப்பனோடு எப்படியோ ஒட்டிக்கொண்டான். மகள் ஒட்டவில்லை. அந்த வருடம் அவர் வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் அவருக்குக் கிட்டவே போகவில்லை. திருகோணமலையில் வாங்கி வந்த பொம்மையை அவர் நீட்டியபோது அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தொட்டாள். அவர் வெற்றிலைப் பையைத் திறந்தால், செருமினால், ஏன், சும்மா திரும்பிப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள்.

பழகிவிடுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். மார்கழி முடிந்தது, தையும் பாதி போனது. ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, வீடு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"அம்மா, உந்த மாமா எப்ப தன்ரை வீட்டை போவார்?"

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். அன்று பின்னேரம் வரைக்கும் கிணற்றடியில் குந்தியிருந்தார். கப்பல் கவிழ்ந்ததுபோலக் கன்னத்தில் கைவைத்து இருக்காதே என்று மற்ற ஊர்களில் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. கன்னத்தில் கைவைத்திருந்தவர் கப்பல்காரர் அல்லவா. நான் தேத்தண்ணீரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

"இஞ்சை பாரும்," என்றார். "நான் கடலை விடப்போறன். கொழும்பிலை ஆரின்ரையாவது கடையிலை நிண்டு பிழைப்பம்."

"கொழும்பிலை நிண்டால் பிள்ளைக்கு நீங்கள் அப்பாவாகிடுவியளோ? வருசத்துக்கு ரெண்டுதரம் றெயிலிலை வாற மாமா ஆவியள்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?"

"எங்களை ஒருக்கால் ஏத்திக்கொண்டு போங்கோ."

அது என் வாயிலிருந்து யோசிக்காமல் வந்த பேச்சு. வந்த பிறகு யோசித்தேன், சரியாகத்தான் பட்டது. வீட்டில் இடிபடுகிற மனிதரை மட்டும்தானே அவள் கண்டிருக்கிறாள். சுக்கான் பிடித்து நிற்கிற மனிதரைக் கண்டால் பிள்ளை மனம் மாறாதா? எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. என் மகளுக்கு ஒரு தகப்பன் வேண்டும், அந்த மனிதருக்கு ஒரு மகள் வேண்டும். அதற்காக நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் இருந்தது. மார்கழி விடுமுறையில் கடல் மூடிக் கிடக்கும். சித்திரை விடுமுறை வருவதற்குள் காற்றுத் திரும்பிவிடும். தெற்கே போகிற பாய்க்கப்பலுக்கு அது பகை. ஆவணி விடுமுறையில் அவர் எந்தக் கரையில் நிற்பார் என்று அவருக்கே தெரியாது. மாசியில்தான் வாடை தேய்ந்து தேய்ந்து கடைசி மூச்சு விடும். அந்த மெல்லிய காற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரமாகத் தெற்கே போவது குழந்தை குட்டிகளுக்கும் சுகம். மாசியிலோ பள்ளிக்கூடத் தவணை நட்டநடுவில் நிற்கும்.

தலைமை வாத்தியார் அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் கடல் என்றால் அவருக்கு மீன் சந்தைக்கு அப்பால் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு லீவு கேட்டு அவரிடம் போனேன்.

"கப்பலிலை உல்லாசப் பயணமோ, பிள்ளை?" என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தேப்பனோடை போகினம், வாத்தியார்."

"தேப்பன் மார்கழி முழுக்க வீட்டிலைதானே இருந்தவர்? சித்திரை விடுமுறைக்குப் போனால் என்ன?"

"சித்திரைக்கு உந்தக் காத்து இராது. காத்துக்கு உங்கடை தவணை தெரியாது, வாத்தியார். காத்துள்ளபோதே தூத்திக்கொள்ள வேணும் எண்டு நீங்கள்தானே வகுப்பிலை சொல்லுறனியள்."

"அது நெல்லுத் தூத்திறவைக்குச் சொன்னது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "புகையிலை வெட்டு நேரம் தோட்டக்காரற்றை பிள்ளையள் கிழமைக் கணக்கிலை வராமல் நிக்கேக்கை ஆரும் ஒண்டும் கேக்கிறேல்லை. புகையிலைக்கு ஒரு நியாயம், கடலுக்கு ஒரு நியாயமோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் விடேல்லை," என்றார். "ஆனால் வராட்டில் வீட்டை வந்து இழுக்கவும் மாட்டன். பெடியன் வாய்ப்பாட்டை மறந்துபோட்டு வந்தானெண்டால் முதுகு பழுக்கும், சொல்லிப்போட்டன்."

அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வத்தையில் ஆறேழு பேர் வேலை செய்தார்கள். பெண் ஏறுகிறாள் என்று அவர்களுக்கு முகம் சுருங்கியது உண்மை. ஆனால் எங்கள் தாய்மார் வேதாரணியத்துக்குக் கோயில் கும்பிட இதே மாதிரி வத்தைகளில் போய் வந்தவர்கள்தானே. சமையலுக்கு இருந்த வயதான பண்டாரிதான் எங்களுக்காகக் கதைத்தார். "தண்டையலின்ரை பிள்ளையள் ஏறாத வத்தையும் ஒரு வத்தையோ?" என்று சொல்லி, வெங்காயச் சாக்குகளுக்கு நடுவில் பாய் விரித்து இடம் செய்து தந்தார். வைரவருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, நங்கூரத்தை எடுத்தார்கள்.

கரை மறைவதற்குள் நான் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டேன். கடற்கரையில் பிறந்து, கடலோடியைக் கட்டி, கடலை நம்பிப் பிழைத்தவள் முதல் அலைக்கே வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். மானம் கப்பலேறிவிட்டது என்பதை அன்றைக்குக் கண்கூடாகக் கண்டேன். மகனுக்கு ஒன்றும் செய்யவில்லை. பாயிழுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னான். கயிறு இழுக்க அது தோதாக இருந்ததோ என்னவோ, அவர்களும் கூடச் சேர்ந்து சொன்னார்கள்.

நான் எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. சுக்கானில் நின்ற மனிதர் வீட்டில் இருந்தவரைவிடத் தூரமாக இருந்தார். கண்ணைச் சுருக்கித் தண்ணீரையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். சிரிப்பில்லை. திடீரென்று, வயிற்றிலிருந்து எழும்புகிற குரலில், "பாயைத் தளத்தடா!" என்று கத்துவார். முதல் தரம் கத்தியபோது மகள் பயந்து அழுதாள். இருந்த கொஞ்சநஞ்ச ஒட்டுறவையும் நானே அறுத்துவிட்டேனே என்று, சத்தி ஒரு பக்கம், கவலை ஒரு பக்கமாகக் கிடந்தேன்.

அடுத்த நாள் காற்று இதமாக இருந்தது. எனக்கும் தலை நிமிர்ந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மகள் காலையில் கண் விழித்ததும் என்னிடம் வரவில்லை. நேரே ஓடிப்போய், சுக்கான் தெரிகிற மட்டத்தில் நின்று, தகப்பனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். விழித்ததும் திரும்பவும் ஓடினாள், பார்த்தாள், வந்தாள். பின்னேரம் சாக்கில் சாய்ந்தபடி கண் சொக்கியபோது, தலையை உதறி உதறி நித்திரையை விரட்டினாள்.

"நித்திரை வந்தால் படு பிள்ளை," என்றேன்.

"நான் நித்திரை கொண்டால் உவர் போயிடுவாரெல்லோ?" என்றாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வத்தை புறப்படும்போது அழுகைச் சத்தம் காதில் விழக்கூடாது. அது ஆகாது. அதனால் ஆண்கள் விடியுமுன்னே, பிள்ளைகள் எழும்ப முன்னே போய்விடுவார்கள். விழித்துக்கொள்கிற பிள்ளையைத் தட்டித் தட்டித் திரும்பவும் படுக்க வைப்பது எங்கள் வேலை. அதைப் பிள்ளைக்குச் செய்கிற உதவி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்தக் குழந்தை வருடா வருடம் தகப்பன் இருக்கிற வீட்டில் தூங்கி, தகப்பன் இல்லாத வீட்டில் எழும்பியிருக்கிறாள். எங்கே போனார் என்று அவள் காணவில்லை. போகிறேன் என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை. கண்ணை மூடினால் காணாமற் போகிற ஒருவரை அப்பா என்று கூப்பிட்டு என்ன பயன்? அதற்கு மாமாவே போதும் என்று முடிவு செய்துவிட்டாள். அவள் அவரை வெறுக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடற்காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போய் அவரிடம் சொன்னேன். அவர் சுக்கானை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, அவளுக்குச் சற்றுத் தள்ளி, சாக்கில் இருந்தார்.

"பிள்ளை, சுத்திவரப் பார். எல்லாம் தண்ணி. நான் எங்கை போறது?"

அவள் உண்மையாகவே சுற்றிவரப் பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். தப்பிப் போக வழியில்லை என்று கண்ட பிறகு, அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அவள் எழும்பும் வரைக்கும் அவர் அசையவில்லை. கால் விறைத்துவிட்டது என்று பிறகு நொண்டி நொண்டி நடந்தார். பண்டாரி அதைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார்.

திருகோணமலையில் வெங்காயம் இறக்கும் வரைக்கும் அவள் அவர் பின்னாலேயே திரிந்தாள். கையைப் பிடித்தாள், கேள்வி கேட்டாள், அவர் வாங்கித் தந்த இனிப்பைத் தானே கை நீட்டி வாங்கினாள். ஆனால் அப்பா என்று கூப்பிடவில்லை. "இஞ்சை" என்பாள், சாரத்தை இழுப்பாள், அவ்வளவுதான். அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

வத்தை மட்டக்களப்புக்குப் போக வேண்டும். நாங்கள் வவுனியா வழியாகப் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. புறப்படுகிற காலை வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. மகள் துறைக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கிய வீட்டில் நல்ல நித்திரை. பண்டாரி வாசலில் வந்து நின்றார்.

"தண்டையல், காத்து நல்லாயிருக்கு. பிள்ளை எழும்ப முன்னம் வத்தையை எடுத்திடுவம்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் காலமெல்லாம் அந்த வழக்கத்தை மீறாதவர். கடலில் போகிற உயிர்கள் அவர் பொறுப்பு. இதில் அவரை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவர் பாயருகில் குனிந்து அவளுடைய தோளைத் தொட்டார்.

"பிள்ளை, எழும்பு. அப்பா போட்டு வாறன். மாரிமழை தொடங்க நானும் வந்திடுவன்."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களோடு துறைக்கு வந்தாள். அவர் சிறுதோணியில் ஏறுவதையும், வத்தையில் தொற்றுவதையும், சுக்கானடியில் போய் நிற்பதையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். பாய் விரிந்து, காற்றுப் பிடித்து, வத்தை நகர்ந்தது. அவள் உதடு பிதுங்கியது.

"அப்பா!" என்று கத்தினாள். "அப்பா! அப்பா!"

துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அழுகை ஆகாது, பிள்ளையின் வாயைப் பொத்து என்று பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஏசினார்கள். வத்தையிலும் தலைகள் திரும்பின. தண்ணீருக்கு மேலால் அவருடைய குரல் வந்தது. பாயைத் தளர்த்தச் சொல்லிக் கத்துகிற அதே வயிற்றுக்குரல்.

"விடும்! நல்லாய்க் கத்தட்டும்! என்னைத்தானே கூப்பிடுறாள்!"

வத்தை கண்ணுக்கு மறையும் வரைக்கும் அவள் கத்தினாள். நான் அவளுடைய வாயைப் பொத்தவில்லை.