திறந்தேன், விழுங்கவில்லை

போன பங்குனியில் ஒரு காலை. உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நடக்கத் தொடங்கியவன், இன்னும் ஓரிடத்தில் நிற்கப் பழகவில்லை. பையில் உடுக்க இரண்டு சாரம், துடைக்க ஒரு துவாய், விட்டு விட்டுக் கத்தும் ஒரு மருந்துப் பெட்டி.

எனக்குக் காசநோய். சிகிச்சை நிலையத்தில் அந்தப் பெட்டியைத் தந்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கத்தத் தொடங்கும். மூடியைத் திறந்தால்தான் ஓயும். திறந்ததும் அங்கே தாதி மிஸ்ஸின் கணினியில் ஒரு பச்சைப் புள்ளி விழும்.

பெட்டியில் இருந்த மாத்திரையை நாலு மாதம் ஒழுங்காக விழுங்கினேன். ஆனால் அந்தக் குளிசை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கிவிடும். எனக்குக் கூலி தந்த தோட்டக்காரர் வீட்டுக் கக்கூசைத்தான் நானும் பாவித்தேன். வெள்ளைக் கோப்பையில் நிறத்தைக் கண்ட அவர் மனைவி, "உமக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"பீற்றூட் சாப்பிட்டனான்" என்று சமாளித்தேன்.

மறுநாளிலிருந்து பெட்டியைத் திறப்பேன், குளிசையை வாழையடியில் புதைப்பேன், மூடுவேன். சிறுநீர் வெளுத்தது. பச்சைப் புள்ளியும் தவறாமல் விழுந்தது. மிஸ் ஃபோன் எடுத்துப் பாராட்டக்கூடச் செய்தார். இரண்டு கிழமை கழிய இருமல் திரும்பி வந்தது. தோட்டக்காரர் தள்ளி நின்று கதைக்கத் தொடங்கினார். அவர் ஏதும் கேட்க முதல் நானே வெளிக்கிட்டேன்.

கோண்டாவிலுக்குக் கிட்ட, பஸ் தரிப்பிடத்தில் ஆக்கள் குந்தும் வாங்கில் பெட்டியை வைத்துவிட்டு நடந்தேன். கால் மைல்கூடப் போயிருக்க மாட்டேன், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. மீன் விற்று முடித்துக் குருநகர் திரும்புகிற ஆள். கையில் என் பெட்டி. நான் அதை வைத்துவிட்டு நடந்ததைக் கண்டிருக்கிறார்.

"அண்ணை, பிள்ளையை விட்டிட்டுப் போறியள், அது அழுகுது!"

"அது என்ரை இல்லை."

"என்ரையும் இல்லை. எங்கடை மச்சானும் இப்பிடி ஒண்டு வச்சிருந்தவர். குளிசை போட்டனீங்களோ?"

முன்பின் தெரியாத அவரிடம் ஏன் உண்மையைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் பிரசங்கம் செய்யவில்லை. மூடியில் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தார். "மிஸ், உங்கடை பெட்டி பொய் சொல்லுது. ஆள் திறக்கிறார், முழுங்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

ஏச்சு விழும் என்று நின்றேன்.

"உங்கடை பச்சைப் புள்ளியைக் காட்டித்தானே அண்ணை மற்ற ஆக்களைக் குளிசை குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தனான்" என்றார் மிஸ். "இப்பவே வாங்கோ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் இருமுறன், என்னை ஏத்தாதேங்கோ" என்றேன், பின் சீற்றைத் தட்டிக் காட்டிய மீன்காரரிடம்.

"நான் மீன் நாறுறன், எனக்கும் ஆக்கள் தள்ளித்தான் நிக்கினம். ஏறுங்கோ, றோட்டு முழுக்க எங்களுக்குத்தான்!"

சிகிச்சை நிலையத்தில் சளியைச் சோதித்தார்கள். நல்ல காலம், கிருமி தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இந்தக் குளிசைகளுக்கு நோய் அடங்காமலே போயிருக்கலாம் என்றார் டொக்டர். விட்ட நாள்களையும் சேர்த்துக் குடிக்கச் சொன்னார். அன்றைய குளிசையை மிஸ்ஸுக்கு முன்னால் விழுங்கினேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிய, மீன்காரர் காட்டிவிட்ட இடத்தில், வலையிலிருந்து மீன் கழற்றும் வேலைக்குப் போனேன். வலையில் கை வைக்க முதலே வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் என் காசநோயைச் சொன்னேன், குளிசையின் நிறத்தையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஏன் நிக்கிறீர்? வந்து வலையடியிலை இரும், வெயில் ஏறுது" என்றார். ஓரிடத்தை விட்டு நடப்பது எனக்கு எப்போதும் எளிது. உள்ளதைச் சொல்லிவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.