நெஞ்சில் வைத்த காது

மகளின் நெஞ்சில் வைத்திருந்த ஸ்டெதஸ்கோப்பை டாக்டர் என் காதில் மாட்டினார். துடிப்புக்கு நடுவே காற்று சீறுவது போல ஒரு சத்தம் கேட்டது.

என் தங்கை செல்விக்கும் இதயத்தில் ஓட்டைதான். அந்தக் காலத்தில், நெஞ்சைத் திறந்து தைக்க வேண்டும், சில பிள்ளைகளுக்குத் தானாகவும் மூடும் என்றார்கள். விக்கிரமசிங்கபுரம் மில்லின் இரைச்சலிலேயே வாழ்ந்த அப்பா, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து தினமும் அவள் நெஞ்சில் காது வைப்பார்.

“சத்தமே இல்லட்டி. ஓட்டை மூடிட்டு.”

“ஒமக்கு மில்லுச் சங்கே கேக்காது! பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவும்” என்று அம்மா கத்துவாள்.

செல்வி இறந்த அன்றும் அப்பா காது வைத்தார். அன்று யாருக்குமே கேட்கவில்லை.

“தொடை வழியா குழாய் விட்டு மூடிரலாம். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“யோசிக்க ஒண்ணுமில்ல சார். எனக்கு நல்லாக் கேக்கு” என்றேன்.