லேட் என்ற சொல்லுக்கு இரண்டாம் படம்

ஸரீனா டீச்சர் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் பரீட்சை மண்டபத்தில் நின்றேன். வேறு யாரிடமாவது பொறுப்பைக் கொடுத்துவிட்டு அப்போதே புறப்பட்டிருக்கலாம். நான் கணித ஆசிரியை, ஒழுங்கு பிசகாதவள் என்று பெயரெடுத்தவள். கடைசி விடைத்தாளையும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். பாலத்தைக் கடந்து அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பதினொரு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரையில் இருந்தவரின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மானையும் தெரியும். நகரத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று எங்கள் பள்ளிக்கூட வளவுக்குள் நுழைந்து, எட்டாம் தரத்து ஆங்கில விடைத்தாள் கட்டைத் தின்றுவிட்டது. எல்லோரும் தலையில் கைவைத்தோம். டீச்சர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் கீறிய, கழுத்துப்பட்டி கட்டிய மான் ஒன்று விறாந்தைச் சுவரில் தொங்கியது. கீழே ‘ஹோம்வேர்க்’ என்ற சொல். மான் வாய் நிறைய மென்றுகொண்டு, “வயித்துக்குள்ள இரிக்கி டீச்சர்” என்றது. அதன்பிறகு வாரம் ஒரு சொல். ஆங்கிலத்துக்கு ஓடி ஒளித்த பிள்ளைகள் திங்கள் காலையில் அந்தச் சுவருக்கு முன்னால் முண்டியடித்தார்கள். “சிரிச்சுப் படிச்ச சொல்லு மறக்காது டீச்சர்” என்பார். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்த வசனம் அது.

‘லேட்’ படத்தில் மான் ஓடிவருகிறது. ஒரு சப்பாத்து காலில், மற்றது கொம்பில். பள்ளிக்கூடக் கேற் பாதி மூடியிருக்கிறது. காவலாளி குறட்டை விடுகிறார்.

என் வகுப்பில் தர்ஷினி என்றொரு பிள்ளை. தகப்பன் நிலாவெளியில் இருந்து தொழிலுக்குப் போன படகு ஒரு மழைக்காலத்தில் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தாய் பொட்டை அழிக்கவில்லை. உதவிப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட அந்தத் தாய் வந்திருந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தகப்பனுடைய பெயருக்கு முன்னால் லேட் என்று எழுதும்படி பிள்ளையிடம் சொன்னேன். காலஞ்சென்றவருக்குப் போடும் சொல்தானே என்ற எண்ணம் எனக்கு. அது என்ன சொல் என்று தாய் கேட்டார். தர்ஷினி அவரைக் கையில் பிடித்து விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் மானைக் காட்டினாள்.

“இதுதானம்மா. அப்பா பிந்திட்டார். ஆனா வருவார்.”

தாய் மானையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். அந்த முகத்தில் அதற்கு முன் நான் சிரிப்பைக் கண்டதில்லை.

மறுநாள் ஸரீனா டீச்சரிடம் போனேன். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, அதையும் கீறிச் சுவரில் போடுங்கள் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“ஏலாது டீச்சர். அந்தச் சொல்லுக்கு ரெண்டாம் படம் நான் கீற மாட்டன்.”

பிள்ளையை ஏமாற்றுகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் பென்சிலை மறுபடி கையில் எடுத்தார். இரண்டு பள்ளித் தவணை நான் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் மட்டும் தினமும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளிவைப்பார். நான் தொடமாட்டேன். மருத்துவ விடுமுறையில் போன அன்று என் மேசையடியில் வந்து நின்று, “லேட்டானாலும் வாறன் டீச்சர்” என்றார். நான் வரவு இடாப்பில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அந்தக் குரல் என்னை விடுவதாக இல்லை. இடாப்பைத் திறக்கும்போதெல்லாம் மேசையடியில் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது, பாராமல் இருக்கவும் முடியவில்லை.

ஜனாஸாவுக்குப் போன அன்று, கிண்ணியா வீட்டில் அவருடைய தங்கை படங்கள் வைத்திருந்த கோப்பு ஒன்றை என் கையில் தந்தார். அதில் நான் பார்த்திராத தாள் ஒன்று இருந்தது. அதே கேற், அதே காவலாளி. ஆனால் அவர் விழித்திருக்கிறார், கேற்றை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு வீதியைப் பார்க்கிறார். மான் இல்லை. கீழே சொல்லும் இல்லை. அப்படியென்றால் கீறியிருக்கிறார், எனக்குத்தான் காட்டவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் அதைத் தர்ஷினியிடம் காட்டினேன். இப்போது அவள் பத்தாம் தரம். அந்தச் சொல்லின் மற்ற அர்த்தத்தை இனியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் தாளில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். அம்மாவுக்குத்தான் தெரியாது. அவ இங்க வரேக்க சுவரைத்தான் பார்ப்பா. மற்ற அர்த்தத்தைக் கீற வேண்டாம் எண்டு அண்டைக்கே நான்தான் ஸரீனா டீச்சரைக் கேட்டனான். ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு டீச்சர் சத்தியம் பண்ணினவ.”

எனக்கும் சொல்லவில்லை. நான் அத்தனை பேர் முன்னால் பேசியபோதும் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அந்தத் தாளைச் சுவரில் போடலாமா என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார். தர மாட்டேன் என்றேன். பழைய மான் தன் இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கட்டும். தர்ஷினியின் தாய் அடுத்த மாதமும் உதவிக்குக் கையெழுத்துப் போட வருவார். ஆங்கில அறிவித்தலை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஸரீனா டீச்சரின் பெயருக்கு முன்னால் போடவேண்டிய அந்த ஒரு சொல்லை நான் போடவில்லை. பிழை என்று மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். இருக்கட்டும்.

அந்தத் தாள் இப்போது என் இடாப்புக்குள் இருக்கிறது. சாப்பாட்டு மணி அடித்ததும் என் பெட்டியைத் திறந்து, பக்கத்துக் கதிரைப் பக்கம் தள்ளிவைக்கிறேன்.