ஆயுத பூஜைக்கு வைத்த பேட்டரி

என் கணவர் ரிமோட் விமானம் பறக்கவிடுவார். அதன் பேட்டரியை மொட்டைமாடியில் ஓட்டுத் துண்டின் மேல் வைத்து, கூடவே நின்றுதான் சார்ஜ் செய்வார். விமானம் விழுந்ததில் உப்பிப்போன ஒரு பேட்டரியை மணல் சட்டிக்குள் வைத்து, "இதத் தொடாத சாமி, இனி சார்ஜே போடக்கூடாது" என்று என்னிடம் சொன்னார்.

ஆயுத பூஜையன்று அவர் பூ வாங்கப் போயிருந்தார். பேட்டரி இல்லாத விமானத்தைப் பூஜைக்கு வைப்பது குறையாகப்பட்டது. பூஜை முடிந்ததும் மகள் பறக்கவிடச் சொல்வாளே என்றும் தோன்றியது. வீட்டில் வேறு பேட்டரி இல்லை. ஒருமுறைதானே என்று அந்தப் பேட்டரியைத் துடைத்துச் சந்தனம் வைத்து, கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் பொரி எடுக்கப் போனேன்.

புஸ்ஸென்று சத்தம். ஓடிவந்தால் ஒரே புகை. தீக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பூவோடு உள்ளே நுழைந்த கணவர், எரிகிற பேட்டரியைக் கையாலேயே அள்ளி வாசலில் வீசினார்.

"ஏனுங்க, கையி!" என்று அலறினேன்.

"மொதல்ல புள்ளையப் பாரு."

மகளுக்கு ஒன்றுமில்லை. அவருடைய வலது கட்டைவிரல்தான் இன்றுவரை மடங்கவில்லை. ரிமோட்டின் குச்சியை நகர்த்த முடியாது.

"ஏன் எடுத்த?" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இந்த ஆயுத பூஜைக்கு விமானத்தைப் பேட்டரி இல்லாமல்தான் வைத்தேன். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.