கிள்ளான் சாலையில் மஞ்சள் தண்ணீர்

ஊரில் விடிந்ததும் மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தால் அது குழம்புக்கு. இங்கே மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில், அது காருக்கு. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் எழுதுகிறேன். என் முதலாளி நடேசன் மளிகைக்கடைக்காரர். சரக்கு ஏற்றவும் வாடகைக்கு விடவும் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார்; அதற்கு டிரைவர் நான். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் ஓர் ஓட்டை. பக்கத்துத் தெருச் சீனரிடம் கொடுத்தால் ஈயம் பற்றவைத்துத் தருவார். ஆனால் கடையில்தான் மூட்டை மூட்டையாக மஞ்சள் கிடக்கிறதே! “ரெண்டு கை அள்ளிப் போடுடா மாணிக்கம், தானா அடைச்சுக்கும்” என்பார் முதலாளி. அடைத்துக்கொள்ளவும் செய்தது. ஒழுகும்போதெல்லாம் போட்டோம். போட்டது எங்கே போகும் என்று நான் கேட்டால், “நீ என்ன வெள்ளக்காரன் பட்டறையிலயா படிச்ச?” என்று என் வாயை அடைத்துவிடுவார்.

இதை எழுத வைத்தது கார் அல்ல, என் அண்ணன் கோவிந்தன். நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறி வந்தவர்கள் நாங்கள். ரவாங் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து அறையில் இருந்து பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தோம். துரையின் காரைத் துடைக்கப் போன சாக்கில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அண்ணனை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தயங்கினேன். “போய்த்தொலைடா. ஒருத்தனாவது இந்தப் பால்வாளிய விட்டுப் போனான்னு இருக்கட்டும்” என்று என் பெட்டியைத் தானே தூக்கி வந்து ரயிலேற்றினார். பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். அந்தப் பாதியில் அண்ணன் இருந்தார். தெரிந்த ஒருவரிடம் எனக்குச் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: “கிள்ளான் கப்பலடிக்கு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லு.”

ரயிலில் போய்வர முதலாளியிடம் லீவு கேட்டேன். அன்றைக்கென்று அவருக்கு மனசு இளகிவிட்டது. “லீவு எதுக்குடா? எனக்கும் கிள்ளான்ல வேலை இருக்கு. கார்லயே போவோம். தம்பி கார் ஓட்டிட்டு வர்றத உங்கண்ணனும் பாக்கட்டுமே!” என்றார். பாவி, நானும் மயங்கிவிட்டேன். அண்ணன் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

வழியில் பத்துத் தீகா என்ற ஊரைத் தாண்டியதும் எஞ்சின் உறுமல் மாறியது. மூடியோரம் ஆவி சீறியது. நிறுத்தினேன். “தண்ணிய ஊத்துடா!” என்று கத்தினார் முதலாளி. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும் என்றேன். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அண்ணன் துறைமுகத்தில் வரிசையில் நிற்பார். நான் காட்டோரத்தில் கைகட்டி நிற்கிறேன். அதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

சூடு சற்றுத் தணிந்ததும் பார்த்தேன். பெல்ட் அறுந்திருக்கவில்லை, விசிறி கையால் சுற்றினால் சுழல்கிறது, எண்ணெய் சரியாக இருக்கிறது. ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டால் கை வெந்தது. கீழ்க்குழாய் சில்லென்று இருந்தது. மேலே வந்த வெந்நீர் கீழே இறங்கவே இல்லை. உள்ளே மெல்லிய குழல்கள் அத்தனையும் அடைத்துக் கிடந்தன. குழாய்களைக் கழற்றி, திருகுகளை எடுத்து, ரேடியேட்டரைத் தூக்கிப் புல்லில் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். ஊற்ற ஊற்ற மஞ்சள் சேறு கட்டிகட்டியாக விழுந்து செம்மண்ணில் ஓடியது. கல்யாண வீட்டுக் கொல்லை போல மணந்தது. அவர் முகர்ந்து பார்த்து, “மாசாக் ஆப்பா?” என்றார். என்ன சமைக்கிறாய் என்று கேட்கிறார்! எனக்கு அழுகை வந்தது, சிரித்துவைத்தேன். எங்கே அவசரம் என்றார். “அபாங் பாலிக் கம்போங்” என்றேன், அண்ணன் ஊர் திரும்புகிறார் என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பாகுஸ்லா!” என்று என் முதுகில் தட்டினார். ரொம்ப நல்லதாம். வேலை போய், வெறுங்கையோடு, திரும்பி வரும் எண்ணமில்லாமல் போவதை அவருக்கு எந்த மலாய்ச் சொல்லில் சொல்வேன்? தலையாட்டிவிட்டு இன்னொரு வாளி கேட்டேன்.

மஞ்சள் போனதும் பழைய ஓட்டை வாயைத் திறந்தது. முதலாளி பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினார். மறுபடியும் மஞ்சள்! “அந்தக் கருமத்த உள்ள வையுங்க மொதலாளி!” என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். என் துணிப்பையில் இருந்த சோப்புக் கட்டியைக் கசக்கி ஓட்டையில் அப்பி, துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ரேடியேட்டரைத் திரும்ப மாட்டித் தண்ணீர் நிரப்பினேன். தாங்கியது.

துறைமுகத்தை அடைந்தபோது கப்பல் நடுக்கழியில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனின் தோட்டத்தில் இன்னும் வேலையில் இருக்கும் ராமசாமி, வழியனுப்பிவிட்டு வேலியோரம் நின்றார்.

“கடைசியா ஏறுனது உங்கண்ணன்தான். கங்காணி புடிச்சுத் தள்ளுற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. ‘எந்தம்பி ரயில நம்பி இருக்கறவன் இல்ல, காரு ஓட்டுறான், வந்துருவான்’னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

கப்பலின் பின்தட்டில் தலைகள் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன. எது அண்ணன் தலை என்று யாருக்குத் தெரியும்? இருந்தும் கையைத் தூக்கி ஆட்டினேன். “ஊருக்குத்தானே போறான், இதுக்குப் போய் அழுவுறியே” என்றார் முதலாளி.

திரும்பும் வழியெல்லாம் ஸ்டீயரிங்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டே வந்தது. முகத்தைத் துடைக்கக் கை போனால் எங்கள் வீட்டு அடுப்படி வாசமும் எஞ்சின் எண்ணெய் வாசமும் சேர்ந்து அடித்தன. கழுவலாமென்றால் சோப்பு இல்லை. அதுதான் ரேடியேட்டரில் இருந்ததே.