நெனப்பு வரவில்லை என்று சொன்னேன்

கம்பெனியில் ஷிப்ட் முடிந்து மத்திகிரி டவுன் பஸ்ஸில் வந்த நான், இறங்க வேண்டிய இடத்தில் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. புடவை ரத்தத்தில் நனைந்திருந்தது. மாதா மாதம் இப்படிக் கொட்டியும், பெண்ணென்றால் அப்படித்தான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு வயது முப்பத்தாறு.

ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஃபைப்ராய்டு (கருப்பையில் வளரும் தசைக்கட்டி) என்றார்கள். கருப்பையை எடுத்தார்கள். ரத்தப்போக்கு நின்றது. கூடவே வேறொன்றும் நின்றுபோனதைச் சில மாதம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

நாசூக்காக எழுத எனக்குப் பொறுமை இல்லை. கணவரோடு படுப்பது எனக்குப் பிடிக்கும். அவர் நைட் ஷிப்ட் முடித்து வரும் காலைகளில், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டிவிட்டுக் காத்திருந்தவள் நான். அந்த ஆசை சுத்தமாக வற்றிப்போனது. தொட்டாலே எரிச்சல், வலி. திடீரென்று உடம்பெல்லாம் அனல் ஏறி ரவிக்கை நனையும்.

நாத்தனாரிடம் சொன்னேன். "ரெண்டு புள்ளைங்கள பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு அண்ணி? தொல்ல விட்டுச்சுன்னு இருங்க. எல்லா நாளும் கோயிலுக்குப் போலாம்" என்றாள். அவளை அறையலாம் போல இருந்தது.

ஆபரேசன் செய்த டாக்டரிடமே போனேன். கன்னடக்காரர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்கள் நாங்கள் இந்த ஆசையை 'நெனப்பு' என்றுதான் பேசிக்கொள்வோம்.

"நெனப்பே வரல டாக்டர்" என்றேன், தலை குனிந்து.

"மறந்து மறந்து போகுதா? ஸ்வல்ப டானிக் குடிம்மா, சரியாகும்."

கன்னடத்தில் நெனப்பு என்றால் ஞாபகம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் குடிக்கிற டானிக்கை எழுதிக் கொடுத்தார். வீட்டில் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினேன். வயிற்றுவலியை மூன்று மொழியில் சொல்லத் தெரிந்தவள் நான். இதைச் சொல்ல ஒரு மொழியிலும் யாரும் எனக்கு வார்த்தை கற்றுத் தரவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு பெண் மருத்துவர் நேராகவே கேட்டார்: "வீட்டுக்காரரோட சேர்றதுல ஆசை இருக்கா?" இல்லைங்க என்று அழுதேன். ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கர்ப்பப்பை மட்டும் இல்லம்மா, ரெண்டு சினைப்பையும் எடுத்திருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

சினைப்பை (கருமுட்டையும் பெண்மைச் சுரப்புகளும் உண்டாகும் உறுப்பு) போனால் ஆசையும் குறையலாமாம். என் மனசில் கோளாறு இல்லையாம்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன். "ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அது நல்லாத்தான் இருக்கு, பின்னால தொந்தரவு வேணாம், சேர்த்து எடுத்துறலாமான்னு ஆபரேசனுக்கு முன்னாடி டாக்டர் கேட்டாரு. புள்ளைங்கதான் இருக்காங்களே, இனிமே எதுக்குன்னு சரின்னுட்டேன்."

"உங்களுது நல்லா இருக்கறப்ப, எடுத்துறலாமான்னு என்னைக் கேட்டிருந்தா நான் சரின்னிருப்பனா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஹார்மோன் மாத்திரை (நின்றுபோன சுரப்புக்கு மாற்று) ஆரம்பித்தேன். முதலில் அனல் அடங்கியது. முன்பு மாதக் கணக்கை உடம்பே வைத்திருந்தது. அதன் பிறகு மாத்திரை அட்டைதான் எனக்கு நாள்காட்டி ஆனது. ஒரு காலையில் குளித்துத் துவட்டும்போது ஆசை மெல்லத் தலைகாட்டியது. பழையபடி இல்லை, ஆனால் என்னுடையது.

உங்களுக்கும் அறுவை சிகிச்சை என்றால், எதையெல்லாம் எடுக்கப் போகிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். வெட்கப்பட்டு வேறு பெயரில் சொல்லாதீர்கள்.

ஆசை தலைகாட்டிய அந்தக் காலையில், நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து கேட்டார்: "என்னா, நெனப்பு வந்துருச்சா?"

"வந்துருச்சு. தமிழ் நெனப்பும் வந்துருச்சு, கன்னட நெனப்பும் போகல."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அந்தக் கை என்னைத் தொடலாமா என்று இந்த முறை என்னைத்தான் கேட்க வேண்டும். கேட்கட்டும் என்று நின்றேன்.